‘ஓப்பன் ஆகல, அவசரம்’ – இதுக்கு என்ன பதில் சொல்றது?

9 செப்டம்பர் 2025 – பாலக்கோட்டு ஸ்டுடியோக்காரர் ஒருவரின் கேள்வி

அண்ணா, உங்க குரூப் ஆளுங்ககிட்ட எது கேட்டாலும் பதிலே வர்றதில்ல. போன வாரம் ‘ஆல்பம் சாஃப்ட்வேர் ஓப்பன் ஆகல, அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க’ன்னு போட்டேன். பார்த்தவங்க பார்த்தாங்க, ஒருத்தரும் வாய் திறக்கல. ‘கிராக் வெர்ஷன்தான்’னு (காசு கட்டாம, பூட்டை உடைச்ச காப்பி) உண்மையைச் சொன்னதும் பேச்சையே மூடிட்டாங்க. ஊர்ல எல்லாரும் அதைத்தானே வெச்சிருக்காங்க? தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லக் கூடாதா?

9 செப்டம்பர், இரவு

சொல்லலாம் தம்பி. எதற்குச் சொல்வது என்றுதான் புரியவில்லை. ‘ஆல்பம் சாஃப்ட்வேர்’ என்றால் எது? அதில் ஏழெட்டு வகை இருக்கிறது. ‘ஓப்பன் ஆகல’ என்றால் கிளிக் செய்ததும் ஒன்றுமே வரவில்லையா, லோகோ வந்து மறைந்ததா, பிழைச்செய்தி ஏதாவது வந்ததா? முந்தின நாள் வரை ஓடியதா? நடுவில் விண்டோஸ் அப்டேட் ஆனதா, கரண்ட் போய் வந்ததா, புது ஹார்ட் டிஸ்க் மாட்டினீர்களா? உங்கள் கேள்வியில் எனக்குக் கிடைத்த ஒரே தகவல் அவசரம். பார்த்தவர்கள் வாய் திறக்காததற்குத் திமிர் காரணம் இல்லை. ஆளுக்கு ஐந்து கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும், அதற்கு நீங்கள் ‘அதெல்லாம் தெரியாதுண்ணா, சரி பண்ணிக் குடுங்க’ என்பீர்கள். பட்டவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

கிராக் விஷயம் நாளைக்கு. கடை மூட வேண்டும்.

10 செப்டம்பர், காலை

எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. தருமபுரி நான்கு ரோட்டுப் பக்கம் டிடிபியும் (கணினியில் அச்சுப் பக்கம் அமைப்பது) சர்வீஸும் பார்ப்பவனுக்கு யார் கடையில் எது ஓடுகிறது என்று தெரியாதா? நான் போலீஸும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

பேச்சை மூடுவதற்கு என் காரணம் வேறு. அந்த மென்பொருளை உடைத்தவன் யார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டிஎல்எல் என்ற உள் நிரல் கோப்பு ஏதோ ஒன்றை மாற்றியிருப்பான். எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் நாலு வரி சேர்த்திருப்பான். ‘ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணவும்’ என்று எழுதி வைத்திருப்பான், நீங்களும் ஆஃப் செய்திருப்பீர்கள். இப்போது அது திறக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பதிப்பில் நான் அதே வேலையைச் செய்து பார்க்கிறேன், ஒழுங்காகத் திறக்கிறது. பெயர்தான் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. இதற்கு மேல் நான் எதைச் சொன்னாலும் அது ஜோசியம்.

10 செப்டம்பர், மதியம்

‘அப்போ எப்படிக் கேட்கணும்னு நீங்களே எழுதிக் காட்டுங்க’ என்கிறார் அரூர் நண்பர். சும்மா ஒரு மாதிரிக்கு:

‘விண்டோஸ் 10, 22எச்2. ராம் 8 ஜிபி. லிப்ரே ஆபீஸ் 24.8. ரைட்டரில் 40 பக்கக் கோப்பு, படங்களோடு. நேற்று வரை பிடிஎஃப் ஆனது. இன்று காலை எக்ஸ்போர்ட் கொடுத்தால் பாதியில் தானாக மூடிக்கொள்கிறது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. வேறு கோப்புகள் நன்றாகப் போகின்றன. படங்களை எடுத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் மூடுகிறது. நேற்று மாலை ஒரு புதுத் தமிழ் ஃபாண்ட் போட்டேன், அதை இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.’

கடைசி வரியை எழுதும்போதே எழுதுகிறவருக்கு மண்டையில் மணி அடித்துவிடும். ஃபாண்ட்டை எடுப்பார், பிடிஎஃப் வரும், கேள்வியை அனுப்பாமலே அழிப்பார். இப்படி அனுப்பப்படாமல் போன கேள்விகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை.

‘இவ்வளவு எழுத எங்களுக்கு ஏது நேரம்?’ என்று யாரோ கேட்கப் போகிறீர்கள். பதில் சொல்கிறவனுக்கு மட்டும் நேரம் மரத்தில் காய்க்கிறதா?

12 செப்டம்பர்

காரிமங்கலத்துத் தங்கச்சி: ‘கிராக் போட்டா ஜெயில்னு சொல்றாங்களே அண்ணா, நெசமா, பயமுறுத்தறாங்களா?’

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. உரிமம் மீறிய பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறைத் தண்டனையை விட்டுவிட்டு 50,000 வரை அபராதத்தோடு முடிக்கலாம். ஸ்டுடியோ, டிடிபி, ஃபிளெக்ஸ் கடை எல்லாம் தொழில். இந்தச் சலுகை நமக்குக் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. கடைப் பெயரும் செல் நம்பரும் போட்ட ப்ரொஃபைலிலிருந்து ‘நான் கிராக்தான் வெச்சிருக்கேன், சீரியல் கீ இருந்தா குடுங்க’ என்று எழுதுகிறவர், தெரிந்தேதான் செய்தேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார்.

காசு கொடுத்து வாங்கிய மென்பொருளுக்கு, கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று ஒரு காப்புப் பிரதி எடுத்து வைக்க அதே சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

14 செப்டம்பர்

இன்று ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர். ‘பிரிண்டர் வேலை செய்யல சார்’ என்று போன். பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்து டெஸ்ட் பக்கம் எடுக்கச் சொன்னேன், வந்தது. ஆக பிரிண்டர் வேலை செய்கிறது. அது மாட்டியிருக்கும் கணினியிலிருந்து எடுக்கச் சொன்னேன், அதுவும் வந்தது. ‘ரெண்டாவது சிஸ்டத்துலருந்துதான் சார் வரல.’ இதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் பாதி வழி போயிருப்போம். என்ன பிழை காட்டுகிறது என்றேன். செல்போனில் படம் எடுத்து அனுப்பினார். டியூப் லைட் வெளிச்சம் சரியாக அந்தப் பிழை எண்ணின் மேலேயே விழுந்திருந்தது. வாயால் படிக்கச் சொன்னேன். நிறையப் பூஜ்யம், கடைசியில் 11பி.

அந்த மூன்று எழுத்து கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது. பிரிண்டர் சேவையில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க 2021 செப்டம்பர் விண்டோஸ் அப்டேட்டில் ஒரு கட்டுப்பாடு வந்தது. பிரிண்டர் மாட்டியிருக்கும் கணினி அதன்பிறகு கூடுதல் பாதுகாப்போடு பேசச் சொல்லும். மறுமுனையில் இருக்கும் கணினி பழைய நிலையிலேயே இருந்தால் இணைப்பு கிடைக்காது, 11பி வரும். யூடியூபில், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கச் சொல்வார்கள். அச்சு வரும்தான், அடைத்த ஓட்டையும் திரும்பத் திறந்துகொள்ளும். நேரான வழி, இரண்டாவது கணினியையும் அப்டேட் செய்வது.

‘அதுல அப்டேட் போட முடியாது சார், வாங்கும்போதே ஆக்டிவேட் பண்ணிக் குடுத்தாங்க, அப்டேட்டைத் தொடாதீங்கன்னாங்க.’

வந்துவிட்டதா? கேள்வி பிரிண்டரைப் பற்றியது, பதிலோ திருட்டு விண்டோஸில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. 10-ஆம் தேதி ஜோசியம் என்றேனே, அதைவிட இது மோசம். இங்கே என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, செய்யத்தான் முடியவில்லை.

15 செப்டம்பர்

தயவுசெய்து வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு பேசியதில் ‘பெண்ணாகரம் பெண்ணாகரம்’ மட்டும்தான் தெளிவாகக் கேட்டது. பிழை எண் கேட்கவில்லை.

21 செப்டம்பர்

கிராக் இல்லாமலும் இப்படி நடக்கும் என்பதற்கு ஒன்று. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு டேலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறவர். தோத்தாபுரி சீசனில் லோடு லோடாகக் காய் வந்து இறங்கும், பில் மலையாகக் குவியும், பிறகுதான் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ‘டேலியில் தேதி பிரச்சினை, பழைய தேதி ஏற மாட்டேங்குது’ என்று மட்டும் கேட்டார். ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். நிதியாண்டு மாற்றிப் பார், கணினித் தேதியைத் திருத்து, டேட்டாவை ரிப்பேர் செய். எல்லாம் செய்து பார்த்திருக்கிறார்.

எந்தத் தேதிதான் ஏறுகிறது என்று கேட்டேன். ‘ஒண்ணாம் தேதி ஏறுது, ரெண்டாம் தேதி ஏறுது சார். அஞ்சு, பத்து, பதினஞ்சு ஏறல.’ அவ்வளவுதான். டேலி, உரிமம் இல்லாமல் பழகிப் பார்க்கத் தரும் எஜுகேஷனல் முறையில் ஓடும்போது 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் பதிவு எடுக்கும். உரிமம் செயலில் இல்லாமல் போயிருக்கிறது, திறக்கும்போது கேட்ட கேள்விக்கு யாரோ அந்த முறையைத் தேர்ந்து உள்ளே போயிருக்கிறார்கள். திரையிலேயே எஜுகேஷனல் என்று எழுதியிருக்கிறது, யாரும் படிக்கவில்லை. அதற்குள் அவருடைய உதவியாளர் ஒரு வாரத்துப் பில்லையெல்லாம் ஒன்றாம் தேதியில் போட்டுத் தள்ளிவிட்டார். அதைப் பிரிப்பதற்குள் அடுத்த மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1 (மாத விற்பனைக் கணக்குத் தாக்கல்) வந்து நிற்கும்.

என்ன வேலை செய்யவில்லை என்று சொன்னால் மட்டும் போதாது, என்ன வேலை செய்கிறது என்றும் சொல்லுங்கள். எனக்குத் துப்பு கிடைப்பது பெரும்பாலும் அதில்தான்.

1 அக்டோபர்

ஆயுத பூஜை வாழ்த்துகள். சிபியூவுக்குப் பொட்டு வைத்தவர்கள் யூஎஸ்பி துளைக்குள் சந்தனம் போகாமல் வைத்தீர்களா? போன வருஷம் பென் டிரைவ் ஏறவில்லை என்று ஒருவர் வந்தார். குங்குமம்.

7 அக்டோபர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தப்பட்டவர் எழுதச் சொல்லிவிட்டார், ஊர் பெயர் மட்டும் வேண்டாமாம்.

கல்யாண வீடியோ எடுப்பவர். ‘ஃபைல் எதுவும் ஓப்பன் ஆகலண்ணா, ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு போல’ என்று வந்தார். ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தது. கோப்புப் பெயர்களைப் பார்த்தேன். ஜேபிஜி, எம்பி4 எல்லாவற்றுக்கும் பின்னால் புள்ளி வைத்து நான்கு எழுத்து கூடுதலாக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை 490. ஆடித் தள்ளுபடி மாதிரி.

ஸ்டாப் டிஜேவியூ என்ற பணயத் தீநிரல் குடும்பம். உலகம் பூராவும் இது பரவிய முக்கியமான பாதையே கிராக், போலி உரிம எண் உருவாக்கும் கீஜென், ஆக்டிவேட்டர் கோப்புகள்தான். ‘என்ன இன்ஸ்டால் பண்ணீங்க?’ ‘ஒண்ணும் பண்ணலண்ணா.’ ‘யோசிச்சுப் பாருங்க.’ ‘ஒண்ணுமே இல்லண்ணா.’ டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். முந்தின நாள் இரவு 11 மணிக்கு ஒரு வீடியோ எஃபெக்ட்ஸ் பிளக்இன், கிராக்கோடு. கீழே குனிந்துகொண்டார்.

நான் திட்டவில்லை. அதற்கு நேரமும் இல்லை. அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் வலைத் தொடர்பைத் துண்டித்துக் கணினியை அணைத்துக் கொண்டுவரச் சொல்லியிருப்பேன். ‘ஹார்ட் டிஸ்க்தான் போச்சு’ என்று அவரே முடிவு செய்துகொண்டு, காப்புப் பிரதி இருந்த வெளி டிஸ்க்கையும் அதில் மாட்டி ‘செக்’ செய்திருக்கிறார். அதுவும் பூட்டிக்கொண்டது.

8 அக்டோபர்

நேற்றையதற்கு நிறையப் பேர் ‘திறக்க வழியே இல்லையா?’ என்று கேட்கிறீர்கள். பாதி உண்டு.

அந்த ரீட்மீ கோப்பின் கடைசியில் ஒரு தனி அடையாள எண் இருக்கும். அது சின்ன டி (t), ஒன்று என்ற இரண்டு குறிகளில் முடிந்தால், பூட்டும் நேரத்தில் தீநிரலால் தன் சர்வரைத் தொட முடியவில்லை, உள்ளேயே வைத்திருந்த, எல்லாருக்கும் பொதுவான ஒரே சாவியால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சாவி என்றைக்காவது வெளியே வந்தால் எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி தரும் இலவசக் கருவியால் திறக்கலாம். வேறு மாதிரி முடிந்தால் சாவி உங்களுக்கென்று தனியாகச் செய்தது. காத்திருந்து பயனில்லை.

வீடியோக்காரர்களுக்கு மட்டும் ஒரு ஆறுதல். இந்தத் தீநிரல் வேகத்துக்காக ஒவ்வொரு கோப்பிலும் தொடக்கத்தில் சுமார் 150 கேபி அளவை மட்டும்தான் பூட்டுகிறது. ஜிபி கணக்கில் இருக்கும் எம்பி4 கோப்பில் அது ஒரு துளி. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், சேதமான கோப்பின் தலைப்பகுதியைத் திரும்பக் கட்டித் தரும் கருவிகள் உண்டு. நம்மவருக்கு முகூர்த்தம் திரும்பக் கிடைத்தது, தொடக்கத்தில் சில நொடி போனதோடு. சின்னச் சின்ன ஜேபிஜிகள் போனது போனதுதான்.

இந்த உதவியைக் கேட்கிறவர் என்ன கொண்டுவர வேண்டும் என்று பாருங்கள்: கோப்பின் பின்னால் ஒட்டிய நான்கு எழுத்து, ரீட்மீ கோப்பு, அடையாள எண்ணின் முடிவு, கேமரா மாடல். ‘வைரஸ் வந்துடுச்சு’ என்று மட்டும் எழுதினால் ‘ஃபார்மேட் பண்ணுங்க’ என்றுதான் நாலு பேர் சொல்வார்கள். செய்தால், மீட்கக் கூடியதும் போய்விடும்.

15 அக்டோபர்

நேற்றோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. காலையிலிருந்து ‘11 போடலாமா?’ என்று ஒரே கேள்வி. எந்தக் கணினியில் போடலாமா? விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பிராசசர் பெயர், ராம், பயாஸ் முறை எல்லாம் வரும். டிபிஎம்.எம்எஸ்சி என்று தட்டினால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்கிறதா என்று தெரியும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். இந்த விவரங்களோடு வாருங்கள், ஒரே வரியில் பதில் சொல்கிறேன்.

11 ஏறாது என்றால் உடனே தூக்கிப் போட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸை பேக்அப் செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் கிடைக்கும். வீட்டில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் மூலையில் கிடந்தால் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். அதில் பல பாஸ் லினக்ஸோடுதான் வந்தன. அன்றைக்கு முதல் வேலையாக அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போடக் கூட்டம் நின்றது, போட்டுக் கொடுக்கவும் கடைகள் இருந்தன.

23 அக்டோபர்

தீபாவளி முடிந்து கடை திறந்ததும் செட்டிக்கரைக் கல்லூரித் தம்பி ஒருவர்: ‘அண்ணா, ஆட்டோகேட் கிராக் லிங்க் வேணும், புராஜெக்ட் சப்மிட் பண்ணணும்.’

தம்பி, உனக்குத் திருட வேண்டிய அவசியமே இல்லை. மாணவன் என்று சான்று காட்டினால், வரைபடம் போடும் இந்த ஆட்டோகேட்டை அதைச் செய்யும் ஆட்டோடெஸ்க் கம்பெனியே ஒரு வருஷத்துக்கு இலவசமாகத் தருகிறது, படிப்பு இருக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். காசு வாங்கிக்கொண்டு ஓசூர் கம்பெனிக்கு டிராயிங் போட்டுக் கொடுக்க மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ‘புராஜெக்டுக்கு ஆட்டோகேட் வேணும், காசில்ல, என்ன வழி?’ என்று கேட்டிருந்தால் இதை அப்போதே யாராவது சொல்லியிருப்பார்கள். ‘கிராக் லிங்க்’ என்றதும் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இது அடிக்கடி நடக்கிறது. தேவையைச் சொல்லாமல், தேவைக்குத் தாங்களே கண்டுபிடித்த மருந்தைக் கேட்கிறார்கள். ‘பிடிஎஃப் டு வேர்டு கிராக்’ கேட்ட ஒரு பெரியவருக்கு உண்மையில் வேண்டியது, ஸ்கேன் செய்த பழைய சங்க மலரிலிருந்து தமிழ் எழுத்தை எடுப்பது. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் பெரும்பாலும் எழுத்தாகவே வந்துவிடுகிறது. ஐயா கேட்ட மென்பொருளை வாங்கிப் போட்டிருந்தாலும் படம் படமாகவே வந்திருக்கும்.

அப்புறம் இந்த பிரிண்டர் ரீசெட்டர். இங்க் டேங்க் பிரிண்டரில் இரண்டு விளக்கு மாறி மாறி மின்னினால் உடனே ‘ரீசெட்டர் கிராக் குடுங்க’. ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு தடவையும் கழிவு மை உள்ளே ஒரு பஞ்சில் போய்ச் சேர்கிறது. பஞ்சு நிறைந்திருக்கும் என்று எண்ணிக்கை சொல்கிறது. ரீசெட்டர் போட்டு அந்த எண்ணிக்கையை மட்டும் பூஜ்யமாக்கினால் பஞ்சு காய்ந்துவிடாது. கொஞ்ச நாளில் மேஜைமேல் மை வழியும், கீழே வைத்திருந்த பத்திர நகலும் சேர்ந்து நீலமாகும். பஞ்சை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அது சின்னச் செலவு.

3 நவம்பர்

படமும் பக்கமும் வடிவமைக்கும் அஃபினிட்டி மென்பொருள் இலவசம் ஆகிவிட்டது. அதன் உரிமையாளரான கேன்வா அக்டோபர் 30 அன்று அறிவித்தது. ஃபிளெக்ஸ் போடுகிறவர்கள், ஆல்பம் செய்கிறவர்கள் இறக்கிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: அதன் 2-ஆம் பதிப்பு வரை தமிழ் எழுத்து ஒழுங்காகச் சேராது, கொம்பு தனியாகக் கால் தனியாக நிற்கும். ஒரு வரி தட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் எடுங்கள். வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே நம் கல்யாணங்களுக்குத் தாராளம், 4கே வரை வெளியே எடுக்கலாம். புத்தக வேலைக்கு ஸ்கிரைபஸ் இப்போது தமிழ் யூனிகோடை (இன்றைய பொது எழுத்துக் குறியீடு) சரியாகச் சேர்க்கிறது, அச்சுக்கான நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கேவும் உண்டு. ஜிம்ப் 3.0 மார்ச்சில் வந்தது, படம் திருத்தப் போதும். அச்சுக்கு சிஎம்ஒய்கேயில் நேராக வேலை செய்ய அது ஆகாது.

‘பேஜ்மேக்கர்?’ என்று பழைய டிடிபி அண்ணன்கள் கேட்பது காதில் விழுகிறது. பக்கம் அமைக்கும் அந்தப் பழைய மென்பொருளுக்கு 2001-இல் வந்த 7.0-க்குப் பிறகு புதுப் பதிப்பே கிடையாது. கடையில் கிடைக்கவில்லை என்பதால் பதிப்புரிமை போய்விட்டதாக அர்த்தம் இல்லை. அதை நகலெடுத்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்க வேண்டாம். ஃபாண்ட்டும் அப்படித்தான். நம் ஊரில் ஃபாண்ட்டுக்குக் காசு என்றால் சிரிக்கிறார்கள். ஒரு பென் டிரைவில் ஆயிரம் ஃபாண்ட் கடைகடையாகச் சுற்றுகிறது, வரைந்தவனுக்கு டீச்செலவுகூட வந்திருக்காது. எனக்கு மென்பொருள் திருட்டைவிட இதில்தான் மனசு கொஞ்சம் அதிகமாக உறுத்துகிறது. பெரிய கம்பெனி தாங்கிக்கொள்ளும். தமிழ் எழுத்து வரைகிறவர்கள் நாலைந்து பேர் வைத்துக்கொண்டு நடத்துகிறவர்கள்.

9 நவம்பர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் நன்றாக மடக்கியிருக்கிறார்: ‘சார், கிராக்னாலே பேச்சை மூடிடுவேன்னு செப்டம்பர் 10-ஆம் தேதி எழுதினீங்க. வீடியோக்காரர் கிராக் போட்டதை மறைச்சாருன்னு அக்டோபர் 7-ஆம் தேதி வருத்தப்பட்டீங்க. நாங்க சொல்லவா, வேணாமா?’

நியாயமான கேள்வி. கடை மூடிய பிறகும் இதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கே கிடைக்கும், எப்படி உடைப்பது, சீரியல் எண் என்ன, ஆக்டிவேட்டர் ஏன் ஓடவில்லை – இதெல்லாம் வேண்டாம். யாரும் கேட்கவும் வேண்டாம், யாரும் சொல்லவும் வேண்டாம். ஆனால் பழுதை விவரிக்கும்போது ‘இதில் முன்பு உடைத்த பதிப்பு இருந்தது, அதை எடுத்துவிட வேண்டும்’ என்று சொல்வது வேறு. அது தகவல், சொன்னால்தான் வேலை நடக்கும். பொதுவில் எழுதச் சங்கடமாக இருந்தால் கடைக்கு வந்து நேரில் சொல்லுங்கள். நான் எந்த நோட்டிலும் எழுதி வைப்பதில்லை.

ஒரு உதாரணம். மனம் மாறி முறையாகச் சந்தா கட்டிய ஒருவர், புது மென்பொருளில் உள்நுழையவே முடியவில்லை, ‘காசு வாங்கிட்டு ஏமாத்தறாங்க’ என்று கொதித்துக்கொண்டிருந்தார். பழைய கிராக் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தக் கம்பெனியின் சர்வர் முகவரிகளை எல்லாம் அடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தது. விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் அந்தக் கோப்பு இருக்கும். நோட்பேடை அட்மினாகத் திறந்து அந்த வரிகளை எடுத்ததும் சரியாகிவிட்டது. முன்பு என்ன இருந்தது என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் கம்பெனியோடு சண்டை போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கியிருப்பார். பிறகு மறுபடி கிராக்.

‘ஸ்டுடியோ வருமானத்துல இதெல்லாம் கட்டுப்படி ஆகுமா சார்?’ என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் ஆகாது. ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முதலில் விண்டோஸ், அப்புறம் சோறு போடும் மென்பொருள் ஒன்று. மற்றதற்கெல்லாம் 3-ஆம் தேதி எழுதிய இலவசங்கள் இருக்கின்றன.

18 நவம்பர்

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பழைய டிடிபி ஆட்கள் யாராவது பார்த்தால் நல்லது.

1999-இல் பேஜ்மேக்கர் 6.5-இல் செய்த கோயில் கும்பாபிஷேக மலர், 96 பக்கம். யூனிகோடாக்கி மறுபதிப்புப் போட வேண்டும். நான் திறப்பது 7.0-இல், வர்ச்சுவல்பாக்ஸ் என்ற கணினிக்குள் கணினியில், விண்டோஸ் எக்ஸ்பி போட்டு. சிடியும் சீரியல் எண் ஒட்டிய பெட்டியும் பீரோவில் இருக்கிறது, கேட்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்கிறேன்.

ஃபாண்ட், 256 எண்ணுக்குள் எல்லா எழுத்தையும் அடைக்கும் பழைய 8 பிட் வகை. டேப், டாம், டிஸ்கி, பாமினி, வானவில் என்று பழைய எழுத்து முறைகளை யூனிகோடாக்கும் எல்லா மாற்றிகளிலும் போட்டுப் பார்த்தேன், எதற்கும் பொருந்தவில்லை. ஃபாண்ட் திருத்தும் ஃபாண்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் திறந்து எந்த எண்ணில் எந்த எழுத்து என்று கையாலேயே பட்டியல் போட்டேன். அதை வைத்து ஒரு சின்ன பைத்தான் நிரல், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்துவது வரை சரியாக வருகிறது.

வராதவை இரண்டு எழுத்து. இந்த ஃபாண்ட் செய்தவர் 160-ஆம் எண்ணில் ‘சூ’வையும் 173-இல் ‘னு’வையும் வைத்திருக்கிறார். விண்டோஸுக்கு 160 என்றால் வரி முறியவிடாத பிரியா இடைவெளி, 173 என்றால் வரி முறியும் இடத்தில் மட்டும் தெரியும் மறைவுக் கோடு. பேஜ்மேக்கர் திரையில் இரண்டும் ஒழுங்காகத் தெரிகின்றன, அச்சிலும் வருகின்றன. டெக்ஸ்டாக எக்ஸ்போர்ட் செய்தால் 160 சாதாரண இடைவெளி ஆகிறது, 173 காணாமலே போகிறது. ‘அனுமதி’ ‘அமதி’ ஆகிவிட்டது, ‘அனுப்பினார்’ ‘அப்பினார்’ ஆகிவிட்டது. நன்கொடையாளர் பட்டியல் முழுக்க அப்பியிருக்கிறார்கள்.

ஆர்டிஎஃப் ஆக எடுத்துப் பார்த்தேன், அதே கதை. பிடிஎஃப் ஆக்கி அங்கிருந்து நகலெடுத்தேன், 173 சில இடங்களில் வருகிறது, வரிக் கடைசியில் இருந்தால் வருவதில்லை. பேஜ்மேக்கருக்கு உள்ளேயே ஸ்டோரி எடிட்டரில் இந்த இரண்டையும் தேடி வேறு குறியாக மாற்றிவிட்டு எக்ஸ்போர்ட் செய்யலாம் என்று நினைத்தேன். தேடு பெட்டியில் ஆல்ட் 0160 தட்டினால் எல்லா வெற்றிடத்தையும் பிடிக்கிறது. 173-ஐ எப்படித் தட்டினாலும் பெட்டியில் ஏறவில்லை.

பேஜ்மேக்கரின் தேடு பெட்டியில் இந்த இரண்டு எண்களையும் தனித்துக் குறிக்க ஏதாவது வழி இருக்கிறதா? இல்லை, எக்ஸ்போர்ட்டுக்கு முன்பு ஃபாண்ட்டையே மாற்றி எண்களை நகர்த்திய அனுபவம் யாருக்காவது உண்டா? 96 பக்கத்தையும் உட்கார்ந்து படித்துத் திருத்தலாம், அது கடைசி வழி. தைக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.